சப்தமியோடு நின்ற தேதி

எடமலைப்பட்டி புதூரில், மதுரை சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்தத் தொழிற்சாலையில் கொதிகலன்களுக்கான குழாய்த் தொகுதிகள் தயாராயின. இரண்டு குழாய்கள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வெல்டிங் இணைப்பு இருக்கும்; ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு; அந்த எண்ணின் பேரில் ஓர் எக்ஸ்ரே படமும் உண்டு. படத்தில் துளையோ விரிசலோ தெரிந்தால் இணைப்பை வெட்டி, மறுபடி பற்றவைத்து, மறுபடி படம் எடுப்பார்கள். இவை அனைத்தும் பதிவாக வேண்டும். கொதிகலன் ஆய்வாளர் வரும் நாளில் குழாயைக் காட்டிலும் இந்தப் பதிவுகளைத்தான் அதிக நேரம் பார்ப்பார். இரும்பு சரியாக இருந்து பதிவு சரியாக இல்லாவிட்டால் சரக்கு வாயிலைத் தாண்டாது.

எழுபத்தேழாம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் ஓர் அலமாரி நிறையப் பதிவேடுகள் கூழாகிப் போயின. அதன் பிறகு, எல்லாப் பதிவுகளுக்கும் இன்னோர் இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று குழாய் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் எழுதத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வரைபடப் பிரிவு இருந்தது: அடையவளஞ்சான் வீதியில், இரண்டாம் மாடியில், இரண்டு அறைகள். பிரதிகள் அங்கே போயின. எக்ஸ்ரே படங்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் ஹபீபுல்லா இந்த ஏற்பாட்டை ஒருநாளும் மன்னித்ததில்லை. "வெள்ளத்துக்குப் பயந்து, ரெண்டு ஆத்துக்கு நடுவுல கொண்டுபோய் வைக்கிறாங்க பாருங்க," என்பார்.

1987 ஜூன் முதல் தேதி கையால் எழுதும் பதிவேடுகள் நிறுத்தப்பட்டன. நிறுத்தச் சொன்னவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் இருதயநாதன். அவர் அப்படிச் சொன்னது லூர்துராணியின் வார்த்தையை நம்பி. லூர்துராணிக்கு இருபத்தாறு வயது. டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து, மாலை வகுப்புகளில் புரோகிராம் எழுதக் கற்றவள். தொழிற்சாலை வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றைத் தன்னிடம் விட்டால் பதிவுகளையும் அவற்றின் பிரதியையும் தானே பார்த்துக்கொள்வதாக அவள் கேட்டிருந்தாள். இருதயநாதன் ஆறு மாதம் கொடுத்தார். அவளுடைய பழைய டைப்ரைட்டர் உறை போட்டபடி அறையின் மூலையிலேயே இருந்தது. அதை எடுத்துப் போகச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை.

பிரதி எடுப்பதில் அவள் கண்ட சிக்கல் எளியது. எல்லாப் பதிவுகளையும் நகலெடுக்கப் பதினான்கு ஃப்ளாப்பிகளும் இரண்டு மணி நேரமும் தேவைப்பட்டன. அதை நாள்தோறும் செய்ய முடியாது. செய்யவும் வேண்டியதில்லை, ஏனென்றால் ஒரு நாளில் மாறுபவை இருபது முப்பது பதிவுகள்தாம். எனவே முழுப் பிரதியை ஒருமுறை மட்டும் ஸ்ரீரங்கத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு மாறியவற்றை மட்டும் தினமும் ஒரே ஃப்ளாப்பியில் அனுப்பினால் போதும். ஒரு பதிவைத் தொட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரின் அன்றைய தேதி அதன்மேல் விழும்படி அவள் எழுதினாள். மாலையில் புரோகிராம், கடைசியாகப் பிரதி எடுத்த தேதிக்குப் பிந்திய தேதியுள்ள பதிவுகளைப் பொறுக்கி ஃப்ளாப்பியில் இடும். ஸ்ரீரங்கத்து அறையில் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டர் அவற்றை முழுப் பிரதியோடு சேர்த்துக்கொள்ளும்.

பதிவுகளை அடிப்பவரே ஃப்ளாப்பியையும் எடுத்துப் போனார். ஸ்ரீரங்கராஜன் பதினோரு ஆண்டுகள் வருகைப் பதிவுப் பிரிவில் இருந்தவர், ஸ்ரீரங்கத்துக்காரர். மாலை ஐந்தரைக்குக் கிளம்பி, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, வீட்டுக்குப் போகும் வழியில் அந்த இரண்டாம் மாடியில் ஏறி, கெட்டி அட்டை நோட்டின் நடுவில் வைத்திருந்த ஃப்ளாப்பியை அம்மணியிடம் கொடுப்பார். வரைபடங்களைப் படியெடுக்கும் வேலையில் இருந்த அம்மணி அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, திரையில் வரும் எண்ணிக்கையைத் தன் நோட்டில் எழுதுவாள். ஏழு மணிக்கு அறையைப் பூட்டுவாள்.

ஜூலை 21, செவ்வாய்க்கிழமை காலை, எடமலைப்பட்டி புதூர் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் சுழல மறுத்தது.

"எவ்வளவு போச்சு?" என்று இருதயநாதன் லூர்துராணியிடம் கேட்டார்.

"ஒண்ணும் போகலை சார். புது டிஸ்க் வந்தா, ஸ்ரீரங்கத்துல இருக்கிறதை அப்படியே திரும்பக் கொண்டு வந்துடலாம்."

"அப்படியேன்னா? எல்லாமா?"

"எல்லாம் சார்."

புது டிஸ்க் வியாழக்கிழமை சென்னையிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பிரதி திரும்பி வந்துவிட்டது. அச்சடித்த பட்டியலை அவள் ஹபீபுல்லாவின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டைவிரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ராணி, இங்க வாங்கம்மா. 2216. இதை வெட்டி, திரும்ப வெல்டு பண்ணி, ரெண்டாவது படமும் நான்தான் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. உங்க மிஷின் இன்னும் வெட்டணும்னே சொல்லுது. நல்ல குழாயை வெட்டிப்புட்டு எங்க போய் நிக்கிறது?"

"எப்ப பார்த்தீங்க பாய்?"

ஹபீபுல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு டைரியை எடுத்தார். ஒரு நாளைக்கு நாற்பது படத்துக்கு மேல் பார்க்கக் கூடாது என்று புத்தூர் கண் டாக்டர் ஒருவர் அவரை எச்சரித்திருந்தார். அந்த வரம்பை மீறவில்லை என்பதைத் தனக்குத் தானே நிரூபிக்க அவர் தினமும் பார்த்த படங்களின் இணைப்பு எண்களை வரிசையாகக் குறித்து வந்தார். அவர் தந்த ஆய்வுச் சீட்டுகள் கம்ப்யூட்டரில் ஏறியதும் வாரந்தோறும் குப்பைக்குப் போய்விட்டன. டைரி மட்டும் மிஞ்சியது. அதில் 2216 ஜூன் 18-இல் இருந்தது.

லூர்துராணி டைரியையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் நாளாக ஒப்பிட்டாள். பெரும்பாலான நாட்கள் ஒத்துப் போயின. ஆறு நாட்கள் மட்டும் பிரதியில் அடியோடு இல்லை: ஜூன் 5, 6, 18, 19, ஜூலை 4, 18. குறையும் பதிவுகள் நூற்றிருபத்து மூன்று. அந்தப் பதிவுகள் ஸ்ரீரங்கத்தில் பழைய நிலையிலேயே உறைந்திருந்தன, அல்லது பிறக்கவே இல்லை.

அவள் முதலில் சனிக்கிழமையைச் சந்தேகித்தாள். மூன்று நாட்கள் சனிக்கிழமைகள். ஆனால் ஜூன் 13, 20, 27 ஆகிய சனிக்கிழமைகள் குறையின்றி வந்திருந்தன. பிறகு மின்வெட்டு, கெட்ட ஃப்ளாப்பி, பஸ்ஸில் யாரோ வைத்திருந்த காந்தம். ஒவ்வொரு காரணமும் ஒன்றிரண்டு நாட்களை விளக்கியது. ஆறையும் எதுவும் விளக்கவில்லை. தற்செயலாக நேர்ந்த பிழை ஒரு நாளின் பாதியையாவது விட்டுவைத்திருக்கும். இங்கே நாட்கள் முழுதாகப் போயிருந்தன. வேண்டுமென்றே எடுத்ததுபோல் அவ்வளவு சுத்தமாகப் போயிருந்தன.

சனிக்கிழமை மாலை அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். புதிதாகக் கட்டி முடித்த ராஜகோபுரத்தைக் காண வந்த கூட்டம் இன்னும் குறைந்திருக்கவில்லை. பஸ் மெதுவாக ஊர்ந்தது. அம்மணி ஒரு வரைபடத்தின் மேல் குனிந்திருந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. ஃபோன்ல கேட்ட குரல். நேர்ல இவ்வளவு சின்னப் பொண்ணா? உட்காருங்கோ, மை காயட்டும்."

லூர்துராணி ஆறு தேதிகளைச் சொன்னாள். அம்மணி தன் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தேதி ஒரு பக்கம், வந்த பதிவுகளின் எண்ணிக்கை மறுபக்கம். வரைபடக்காரியின் கையெழுத்து, அச்சுப் போல. ஆறு தேதிகளுக்கும் எதிரே பூஜ்யம் இருந்தது. பூஜ்யத்தின் பக்கத்தில் சிறியதாக ஓர் எழுத்து. ஜூன் 5-இல் 'அ'. ஜூன் 6-இல் 'ந'.

"இது என்னங்க?"

"எது? அதுவா. அஷ்டமி, நவமி. அன்னிக்கெல்லாம் ஒண்ணும் வரலை. சரி, புது வேலை எதுவும் எடுக்கமாட்டா போலிருக்குன்னு நினைச்சுண்டேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு கம்பெனியான்னு சந்தோஷமாக்கூட இருந்தது."

"பாய்லர் கம்பெனி அஷ்டமிக்கு நிக்குமாங்க?"

"நிக்காதா?" என்றாள் அம்மணி. அவள் குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது. பிறகு எதையோ புரிந்துகொண்டவளாகச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தாள். "அடடா. அப்போ நான் அன்னிக்கே ஃபோன் பண்ணியிருக்கணும், இல்லையா?"

"எத்தனை வரணும்னு நான் உங்களுக்குச் சொல்லலையே. சொல்லியிருந்தா பண்ணியிருப்பீங்க."

ஜூலை 5 நவமி என்றும், அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டியலில் வரவில்லை என்றும் அவர்கள் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஜூலை 19-உம் அப்படியே. ஒழுங்கற்றதாகத் தோன்றியது ஒழுங்கின் பக்கம் வந்தது. திரும்பும் பஸ்ஸில் லூர்துராணி விளக்கத்தின் மீதிப் பாதியையும் தானே முடித்துக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டர்கள் மின்சாரம் நின்றதும் நாளை மறந்துவிடுபவை. காலையில் இயக்கியதும் தேதியைக் கேட்கும். எவர் எதை அடிக்கிறாரோ அதுவே அன்றைய தேதி.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் அவள் ஸ்ரீரங்கராஜனைக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. மறைக்க ஏதேனும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"மிஷினைப் போட்டவுடனே தேதி கேட்கறது. அஷ்டமியன்னிக்கு அந்தத் தேதியை அடிச்சு ஒரு காரியத்தை ஆரம்பிக்க நேக்கு மனசு வரலை. சப்தமித் தேதியையே போட்டுட்டா, ஆரம்பிச்ச வேலை தொடர்றதுன்னு அர்த்தம். நவமிக்கும் அதேதான். தசமியன்னிக்கு நேரா வந்துடுவேன். பாய் சீட்டுல இருக்கற ஆய்வுத் தேதியை மட்டும் ஒரு புள்ளி மாத்தாம அடிச்சிருக்கேன், அதுல கை வைக்கலை."

அது உண்மைதான். ஆய்வுத் தேதி தனி இடத்தில் அடிக்கப்படுவது. ஆய்வாளர் பார்ப்பதும் அதைத்தான். சப்தமியோடு நின்றது கம்ப்யூட்டரின் தேதி மட்டும். ஆனால் லூர்துராணியின் புரோகிராம் பார்த்தது அந்தத் தேதியைத்தான். சப்தமி மாலையில் சப்தமி வரை எடுத்தாயிற்று. அஷ்டமி மாலையில் சப்தமிக்குப் பிந்தியது எது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதே சரியான பதில்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"கேட்டேனே! மே மாசம் நீங்க கத்துக் கொடுக்கறப்ப. என்ன தேதி போடணும்னேன். எந்தத் தேதி வேணும்னாலும் போடுங்க, உள்ள விட்டுடும்னேள். எந்தத் தேதி வேணும்னாலுமான்னு இன்னொரு தரமும் கேட்டேன். ஆமா சார், சீக்கிரம் போடுங்கன்னேள்."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. வாக்கியமும் நினைவிருந்தது.

அன்று பிற்பகல் இருதயநாதன் ஒரு படிவத்தை அவள் முன் நகர்த்தினார். தொழிற்சாலையில் எந்தப் பிழை நேர்ந்தாலும் நிரப்பும் படிவம் அது. கடைசியில் இரண்டு வரிகள்: காரணம், பொறுப்பு.

"எனக்கு விஷயம் தெரியும். பாய் சொன்னார். நீங்க எழுதறதைப் பொறுத்துதான் நான் செய்ய முடியும். ஆள் தப்புன்னா சுலபம். ராஜனை ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டு வேற ஆளை உட்கார வைப்பேன், புரோகிராம் இப்படியே ஓடட்டும். புரோகிராம் தப்புன்னா பத்தாம் தேதி ஆய்வாளர் வரார், அதை நம்பி அவர் முன்னாடி நான் போய் உட்கார முடியாது. திரும்ப நோட்டுதான். நீங்களும் திரும்ப," என்று சொல்லி, மூலையைப் பார்க்காமலேயே மூலையைக் குறிப்பிட்டார்.

லூர்துராணி படிவத்தைத் தன் மேசைக்கு எடுத்துச் சென்றாள். நிரப்ப இருபது நிமிடங்கள் பிடித்தன. 'பொறுப்பு' என்ற வரிக்கு எதிரே ஸ்ரீரங்கராஜனின் பெயரை எழுதினால் அதில் பொய் எதுவும் இராது. தவறான தேதியை அடித்த விரல்கள் அவருடையவை. ஆனால் அந்த வரி முழுமையாகவும் இராது. அவருடைய இடத்துக்கு வருபவர் அஷ்டமி பார்க்காதவராக இருக்கலாம். மாதம் மாறியதை மறந்து, போன மாத எண்ணையே அடிப்பவராக இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் 7-க்குப் பதில் 6 அடிப்பவராக இருக்கலாம். அவர்கள் எல்லோரிடமும் இந்தப் புரோகிராம் இதே போல் ஏமாறும், இதே போல் பூஜ்யம் காட்டும்.

அவள் எழுதினாள்: 'காரணம்: கையால் அடிக்கும் தேதியைப் புரோகிராம் சரிபார்க்காமல் நம்பியது. எத்தனை பதிவுகள் அனுப்பப்பட்டன என்பதைப் பெறுபவருக்குத் தெரிவிக்க வழி செய்யவில்லை. பொறுப்பு: புரோகிராம் எழுதியவர்.'

இருதயநாதன் இருமுறை படித்தார். "ராஜன் பேர் இல்லையே."

"அவர் என்கிட்ட ரெண்டு தடவை கேட்டிருக்கார் சார்."

"இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார். போட்டுட்டேன்."

அவர் படிவத்தை மடித்தார். "அடுத்த அஷ்டமி, நவமி எப்ப?"

"ஆகஸ்ட் மூணு, நாலு. திங்கள், செவ்வாய்." அவள் சனிக்கிழமையே அம்மணியின் காலண்டரில் பார்த்து வைத்திருந்தாள்.

"ஒரு வாரம் இருக்கு. மாத்தி எழுதுங்க. அந்த ரெண்டு நாளும் ராஜன் தன் வழக்கப்படி எது செய்வாரோ செய்யட்டும். நோட்டுலயும் எழுதட்டும். நீங்க மிஷின் பக்கம் போகக் கூடாது. சாயந்தரம் ஸ்ரீரங்கத்துல வந்து சேர்ந்ததும் நோட்டுல இருக்கிறதும் ஒத்துப்போச்சுன்னா நோட்டை மூடுறேன். ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க டைப்பிங்."

அந்த வாரம் ஹபீபுல்லா நூற்றிருபத்து மூன்று படங்களையும் அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தார், நாளைக்கு நாற்பதுக்கு மேல் பார்க்க மறுத்தபடி. லூர்துராணி பக்கத்தில் அமர்ந்து முடிவுகளை எழுதினாள். படங்களின் உறைகளில் தேதி இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. விளக்குப் பெட்டியில் படத்தை வைத்து, அதன் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்த எண்ணை மட்டும் படித்தார்.

"உறையில தேதி எழுதியிருக்கே பாய், அதை வெச்சுத் தேடினா சீக்கிரம் கிடைக்குமே?"

"உறையில யார் வேணா என்ன வேணா எழுதுவாங்க. இந்த நம்பர் அப்படி இல்ல. ஈயத்துல எழுத்து வெச்சு, அதோட சேர்த்துப் படம் புடிக்கிறோம். படத்துக்குள்ளயே விழுந்துடுது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர் கூடிக்கிட்டே போகும். நடுவுல ஒண்ணு இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுபோயிடும்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். ஹபீபுல்லா அடுத்த படத்தை வைத்துவிட்டு, "என்னம்மா, தூக்கமா? சரின்னு போடுங்க," என்றார்.

புதிய புரோகிராம் தேதியை நம்பவில்லை. ஒரு பதிவு தொடப்படும் ஒவ்வொரு முறையும் அதற்குள் ஓர் எண் விழுந்தது. அந்த எண் ஒவ்வொரு தொடுகைக்கும் ஒன்று கூடியது, ஒருபோதும் குறையவில்லை. ஸ்ரீரங்கம் தனக்குக் கடைசியாக வந்த எண்ணை ஃப்ளாப்பியிலேயே எழுதி மறுநாள் காலை திருப்பி அனுப்பும். மாலையில் அந்த எண்ணுக்கு மேற்பட்டவை அனைத்தும் புறப்படும். ஒரு ஃப்ளாப்பி பஸ்ஸில் தொலைந்து போனால், கெட்டுப்போனால், ஸ்ரீரங்கத்தின் எண் நகர்ந்திருக்காது. அடுத்த நாள் விடுபட்டவையும் சேர்ந்தே போகும். எத்தனை அனுப்பப்பட்டன என்ற கணக்கும் உடன் போகும். வந்தது குறைந்தால் அம்மணியின் திரை அதைச் சொல்லும். 'மாறிய தேதி' என்று பதிவின்மேல் விழும் கம்ப்யூட்டர் தேதியை அவள் நீக்கவில்லை. அது பதிவின் ஓரத்தில் இருந்தது, படத்தின் உறையில் எழுதிய தேதியைப் போல. ஆகஸ்ட் முதல் தேதி, சனிக்கிழமை, வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 3, அஷ்டமி. மாலை ஆறே முக்காலுக்கு ஸ்ரீரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் இருந்திருக்க வேண்டும். அம்மாமண்டபம் சாலையில் மக்கள் திரண்டிருந்ததால் பஸ் பாலத்திலேயே நின்றுவிட்டது. ஏழே காலுக்குத்தான் அம்மணி தொலைபேசியில் பேசினாள். இருதயநாதன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார். முப்பத்தொன்றும் வந்திருந்தன.

"மாறின தேதி என்ன காட்டுது?" என்று கேட்டார்.

"இன்னித் தேதிதான் சார். ஆகஸ்ட் மூணு."

அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடி, அருகில் நின்ற லூர்துராணியின் பக்கம் திரும்பினார். "இது பரீட்சையே இல்லையே. சரியான தேதியைப் போட்டிருக்கார். இந்தத் தேதிக்குப் பழைய புரோகிராமே எல்லாத்தையும் அனுப்பியிருக்கும்."

மறுநாள் காலை லூர்துராணி ஸ்ரீரங்கராஜனிடம் கேட்டாள். "வழக்கம்போலப் போடுங்கன்னுதானே சொன்னேன் சார்?"

"வழக்கம்போலத்தான் போட்டேன். நேத்து பதினெட்டாம் பெருக்குன்னா. அன்னிக்கு அஷ்டமியா நவமியான்னு யாரும் பார்க்கமாட்டா. எதை ஆரம்பிச்சாலும் பெருகும். நான் கார்த்தால காவேரியில ஸ்நானம் பண்ணிட்டு, ஆகஸ்ட் மூணுன்னு மனசாரப் போட்டேன். உங்களுக்காகத்தான் வேண்டிண்டேன்."

"நீங்க தப்பாப் போட்டாத்தான் சார் எனக்கு நல்லது."

"அது நேக்கு அப்புறம்தான் உறைச்சது."

பக்கத்து மேசையில் ஹபீபுல்லா சிரிப்பை அடக்கப் படத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு என்ன திதி, சாமி?"

"நவமி."

"அப்புறம் என்ன? போடுங்க ஞாயித்துக்கிழமைத் தேதியை. புள்ள வேலை பொழைக்கட்டும்."

ஸ்ரீரங்கராஜன் கம்ப்யூட்டரை இயக்கிவிட்டு உட்காராமல் நின்றார். "அங்கதான் சங்கடம் பாய். தெரியாதவரைக்கும் அது வழக்கம். இப்ப சப்தமின்னு அடிச்சா, பொய்யின்னு தெரிஞ்சே அடிக்கறது. நவமின்னு அடிக்கவும் கை வரலை."

"அப்ப என்ன செய்வீங்க?" என்றாள் லூர்துராணி.

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நிபந்தனைப்படி தன் மேசைக்குத் திரும்பி, சுவரைப் பார்த்து அமர்ந்தாள். ஐந்து ஆண்டுகள் டைப் அடித்தவளுக்கு விசைகளின் ஒலியை எண்ணத் தெரியும். தேதிக்கு எட்டுத் தட்டுகள் வேண்டும். பிறகு கடைசியாக ஒன்று. நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரே ஒரு தட்டு கேட்டது. அதன் பின் அவர் நாற்காலியை இழுத்து அமர்ந்து, பாயின் முதல் சீட்டை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை தொலைபேசி ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒலித்தது. நோட்டில் இருபத்தாறு வரிகள் இருந்தன. அம்மணி இணைப்பு எண்ணையும் முடிவையும் படித்தாள்; இருதயநாதன் பென்சிலால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கோடு இழுத்தார். எட்டாவது வரியில் அவள் தயங்கியபோது லூர்துராணி மேசை விளிம்பைப் பிடித்தாள். திரையில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இருபத்தாறாவது வரிக்கும் கோடு விழுந்தது.

"வேற ஏதாவது?" என்றார் அவர்.

"எண்ணிக்கை சரியா இருக்கு சார். ஆனா மாறின தேதியில எல்லாத்துக்கும் 1980 ஜனவரி ஒண்ணுன்னு இருக்கு. அப்போ இந்தக் கம்ப்யூட்டரே நம்மகிட்ட கிடையாதே?"

இருதயநாதன் லூர்துராணியைப் பார்த்தார்.

"தேதி எதுவும் அடிக்காம வெறும் என்டரைத் தட்டினா, கம்ப்யூட்டரைச் செஞ்சவங்க வெச்ச தேதியை எடுத்துக்கும் சார். அதுதான் அதோட முதல் நாள். இன்னைக்குக் காலையில ஒரு தட்டுதான் கேட்டுச்சு."

"ஏழு வருஷத்துக்கு மேல பின்னால போயிருக்கார்."

"ஆமா சார்."

"பழைய புரோகிராமா இருந்தா?"

"ஒரு பதிவுகூட இங்கருந்து கிளம்பியிருக்காது."

அவர் நோட்டில் இருபத்தாறாவது வரியின் கீழ் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார். கோட்டின் ஓரத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பஸ் கிடைக்குமா இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை காலை ஸ்ரீரங்கராஜன் ஃப்ளாப்பியை நோட்டின் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் ஸ்ரீரங்கத்தின் கடைசி எண் இருந்தது.

"ராத்திரி பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்," என்றார். "அந்த 1980 ஜனவரி ஒண்ணு சதுர்தசி. அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை. இனிமே அந்த ரெண்டு நாளும் அதுவே இருந்துட்டுப் போகட்டுமே?"

"இருந்துட்டுப் போகட்டும் சார்."

அவர் கம்ப்யூட்டரை இயக்கினார். அன்று தசமி. எட்டுத் தட்டுகள் கேட்டன, பிறகு ஒன்று. ஒன்பதரை மணிக்கு ஸ்டோர்ஸிலிருந்து அடைக்கலம் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். அதில் இருதயநாதனின் கையெழுத்து இருந்தது.

"டைப்ரைட்டரை எடுத்துட்டு வரச் சொன்னாங்கம்மா. உறையும் அதோட வருதா, இல்லை உங்களுக்கு வேணுமா?"

"உறையையும் எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் லூர்துராணி.